அக்காவுக்குச் சொன்ன டயர்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். போனில் பேசினால் பாதியிலேயே "அக்கா, ஒரு கால் வருது" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வாங்கிவிட்டேன். அந்தக் கண் டாக்டரின் இரண்டு சீட் காரைத்தான். அவருக்கு முதுகு வலி வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை. ஐம்பத்தொரு வயதில் இதென்ன கூத்து என்று நீ கேட்கப்போவது தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள், நீ மிச்சம். ஊருக்கு வெளியே ஒரு மணி நேரத் தொலைவில் கார்ப் பந்தய ஓடுதளம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, புதிதாகப் பழகுகிறவர்களை அவர்கள் வண்டியிலேயே ஓட்டவிடுகிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "பையனுக்கா மேடம்?" என்றார். எனக்கு என்றேன். "சார் வரலீங்களா?" சார் கிடையாது, வண்டி என்னுடையது என்றேன். உடனே ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "டிராக்குன்னா இதுதான் மேடம், பந்தய ரப்பர். ஒட்டிக்கிச்சுன்னா விடவே விடாது." எந்த வருடம் செய்தது என்று கேட்டேன். "டயருக்கு ஏது மேடம் வருஷம்?" என்று சிரிக்கிறார். இருபத்தாறு வருடமாகக் கொதிகலனுக்குள் தலையை விட்டுப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று கையெழுத்துப் போடுகிறவளிடம்! வருடம் போடாத பொருள் ஒன்று உலகத்தில் உண்டா?

அதோடு விட்டதா? ஓடுதளத்தில் வகுப்பு எடுக்கும் பயிற்சியாளர், பழைய பந்தயக்காரர், என் வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் ஒரு உதை விட்டார். "இதுல காய்கறி வாங்கப் போலாம்" என்றார். இருபது பேர் சிரித்தார்கள். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவரும் என்னோடு பழக வந்திருக்கிறார், அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வண்டியிலும் என் வண்டியைப் போலச் சாதாரண டயர்.

பன்னிரண்டு வருடமாக வாகன இதழில் டயரும் பிரேக்கும் சோதித்து எழுதுகிறாயே, நீ சொல். எதை மாட்டுவது? சுற்றி வளைக்காமல் சொல்.

உன் அக்கா

—

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கூத்து என்று நான் கேட்கவில்லை. பொறாமையாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் மற்றவர்கள் வண்டியை ஓட்டியே காலம் தள்ளுகிறேன், நீ சொந்தமாக வாங்கிவிட்டாய்.

முதலில் இப்போது வண்டியில் இருப்பதைப் பார். பக்கச் சுவரில் ஒரு கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடைக்காரருக்கு அதைக் காட்டிக் கொடு. ஐந்து வருடத்துக்கு மேலே போயிருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடு. ரப்பர் இறுகியிருக்கும்.

புதிதாக வாங்குவதென்றால், வேக வண்டிகளுக்கென்று செய்த நல்ல சாலை டயர் போதும். நாலும் ஒரே வகை, கம்பெனி சொன்ன அதே அளவு. அகலமாக மாட்டினால் நன்றாக இருக்கும் என்பான், கேட்காதே. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று விற்பதும் வேண்டாம், நாலு சுற்றுக்குள் சூட்டில் குழைந்துவிடும். பக்கச் சுவரில் தேய்மான எண் ஒன்று இருக்கும். முந்நூறை ஒட்டி இருந்தால் உனக்குச் சரி. இருநூறும் அதற்குக் கீழும் அந்தப் பந்தய ரப்பர். அதைத் தொடாதே.

ஏன் என்று கேட்பாய். சாலை டயர் பிடியை விடுவதற்கு முன்னால் கத்தும். உன் கொதிகலனில் பாதுகாப்பு வால்வு சீறுகிற மாதிரி. நீ காலைத் தளர்த்த அவகாசம் இருக்கும். பந்தய ரப்பர் சூடேறிவிட்டால் மலை மாதிரி பிடிக்கும், உன் தப்பையெல்லாம் மூடி மறைத்துக்கொண்டே வரும், விடுகிறபோது ஒரு வார்த்தை சொல்லாமல் விடும். அப்போது நீ போகிற வேகமும் அதிகம். குளிரிலும் ஈரத்திலும் அது வெறும் சோப்புக்கட்டி. அதனால் இரண்டு வருடம் சாலை டயரிலேயே பழகு. வளைவில் டயர் சொல்வது காதில் விழ ஆரம்பித்த பிறகு மற்றதைப் பற்றி யோசிக்கலாம்.

ஓட்டி முடித்து வந்த உடனே, சூடு ஆறுவதற்குள் காற்றழுத்தம் பார். ஏறியிருக்கும், கொஞ்சம் இறக்கு. டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனால், எதுவரை மடிகிறது என்று தெரியும். பிரேக் எண்ணெயை மாற்றாமல் போகாதே.

பயிற்சியாளரிடம் சொல்: இதில் காய்கறி வாங்கப் போகலாம், வாங்கிக்கொண்டு பத்திரமாக வீட்டுக்குத் திரும்பவும் வரலாம்.

அன்புடன்
தம்பி

—

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

கத்தியதடா! மூன்றாம் வளைவில், நீ எழுதியபடியே, முதலில் முனகல், அப்புறம் நல்ல கூச்சல். எனக்குப் பயமே வரவில்லை. தெரிந்தவர் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. காலைத் தளர்த்தினேன், வண்டி தானாக வழிக்கு வந்தது. தலைக்கவசத்துக்குள் நான் சிரித்த சிரிப்பு யாருக்கும் தெரிந்திருக்காது.

இருபது பேரில் நான்தான் கடைசி. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். பயிற்சியாளர் சாயங்காலம் என் பக்கம் வந்து, "கை ஒழுங்கா இருக்கு" என்று மட்டும் சொன்னார். காய்கறி பற்றிப் பேச்சே இல்லை.

உன் கடிதத்தை மருந்துக்கடைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். சாக்பீஸ் வரை எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். "உங்க தம்பி சொன்னா எனக்கு டாக்டர் சீட்டு மாதிரி மேடம், அதுல ஒண்ணும் மாத்தக் கூடாது" என்கிறார். நல்ல மனிதர். வாழ்நாள் பூராவும் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர், வண்டியில் ஏறினால் முகமே மாறிவிடுகிறது. அவர் மனைவிக்குத்தான் இதில் இஷ்டமில்லை.

இனி நான் சாகிற வரைக்கும் நீ சொன்னதுதான் டயர்.

உன் அக்கா

—

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு நல்ல செய்தி எனக்கும் உண்டு. இதழில் 'நாலுசக்கரம் பதில்கள்' பக்கத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், புனைபெயர் மட்டும் தொடர்கிறது. இனி நாலுசக்கரம் நான்தான். என் கண்ணில் படாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகாது என்று ஆசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். முதல் பதிலே உன் டயர் விஷயம். பெயர் போடமாட்டேன், அக்கா என்று மட்டும் எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

—

ஜூன் 11

தம்பி,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல். ஈரத்திலும் பழக வேண்டும், மெதுவாகப் போங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் எனக்கு முன்னால் இரண்டாவது வண்டி. மூன்றாம் வளைவில் அவர் வண்டியின் பின்பக்கம் சட்டென்று போய்விட்டது. ஒரு சத்தம் இல்லை. என் வண்டி அதே இடத்தில் முனகிக்கொண்டிருந்தது, அவருடையது ஊமையாகச் சுழன்று, கதவுப் பக்கமாகத் தடுப்பில் போய் மோதியது. சிவப்புக் கொடி காட்டினார்கள். கதவை அறுத்து அவரை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகும்போதுதான் டயரைப் பார்த்தேன். பள்ளமே இல்லாத பந்தய ரப்பர்.

நேற்று ஆஸ்பத்திரியில் கேட்டேன், "எப்பங்க மாத்தினீங்க இதை?" என்று. அந்த வலியிலும் அவருக்கு வெட்கம். "உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல மேடம். உங்க தம்பி மனசு மாத்திக்கிட்டாரில்ல?" தலையணைக்கு அடியிலிருந்து, நான் இன்னும் பார்த்திராத உன் இதழை எடுத்தார். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். நான் அப்படியே எழுதுகிறேன், உனக்கு மறந்திருந்தால் படித்துக்கொள்:

'என் அக்கா ஒரு கொதிகலன் ஆய்வாளர். ஐம்பத்தொரு வயதில் ஓடுதளம் பழகுகிறார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பந்தய ரப்பர் மாட்டுங்கள். அதன் பிடி தருகிற நம்பிக்கை வேறு எதிலும் வராது.'

பக்கத்திலேயே அந்த ரப்பரின் விளம்பரம், முழுப் பக்கம்.

எனக்கா அதைச் சொன்னாய்? எனக்கு நீ எழுதிய கடிதம் என் அலமாரியில் இருக்கிறது. ஊரில் ஒரே ஒரு பெண் கொதிகலன் ஆய்வாளர், அது நான். அவர் என்னை நம்பித்தான் உன்னை நம்பினார். என் பெயரைப் போடாமலேயே என்னை வைத்து விற்றிருக்கிறாய்.

அதைவிடக் கேள். அவர் மனைவி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஓட்டத் தெரியாதவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அழுகிறார். அவரும் தலையாட்டுகிறார். "ஆமா, புக்குல தப்பு இருக்காது. நான்தான் எதையோ தப்பாப் பண்ணிட்டேன்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் எழுது.

அக்கா

—

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

செய்தி கேட்டு மனசு சரியில்லை. அவர் எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் நீ நினைப்பது போல இல்லை. 'உங்களுக்கும் சொல்கிறேன்' என்பதற்கும் 'பந்தய ரப்பர் மாட்டுங்கள்' என்பதற்கும் நடுவில் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். சாலை டயர், தேய்மான எண், ஈரத்தில் ஆபத்து, இரண்டு வருடம் பழகிய பிறகு மட்டுமே மற்றது, எல்லாம் அதில் இருந்தது. இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள். மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு அப்படி ஆகிவிட்டது. அச்சில் பார்த்தபோது எனக்கும் அதிர்ச்சிதான். ஆசிரியரிடம் சண்டை போட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழையில், சூடேறாத டயரில் யார் போனாலும் இதுதான் நடக்கும். பயிற்சியாளர் டயரைப் பார்த்துத் தடுத்திருக்க வேண்டாமா? விற்ற கடைக்காரன் சொல்லியிருக்க வேண்டாமா? எல்லாவற்றையும் என் ஒருவன் தலையில் கட்டாதே.

தம்பி

—

ஜூன் 22

நாலுசக்கரம் அவர்களுக்கு,

பயிற்சியாளரை நான் விடவில்லை. ஓடுதள அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காரரையும் நேரில் போய்க் கேட்டேன். "அவங்களே புக்கைக் கொண்டாந்து இதான் வேணும்னு கேட்டாங்க மேடம், நான் என்ன பண்றது?" என்றார். ஆகவே எல்லா வழியும் உங்கள் பக்கத்துக்கே வந்து நிற்கிறது.

ஒரு கொதிகலன் வெடித்தால் நான் முதலில் கேட்பது, கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான். உங்கள் கண்ணில் படாமல் ஒரு வரி அச்சுக்குப் போகாது என்று ஏப்ரலில் எழுதியவர் நீங்கள். அச்சுக்கு முன் சரிபார்க்கிற தாள் உங்களிடம் வந்ததா, இல்லையா? பத்தி வெட்டப்பட்டதை அதில் பார்த்தீர்களா, இல்லையா?

ஒரு வார்த்தையில் பதில் போதும்.

கொதிகலன் ஆய்வாளர்

—

ஜூன் 30

அக்கா,

வந்தது. பார்த்தேன்.

போதுமா? இப்போது திருப்தியா?

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாளை மேசையில் வைத்தார்கள். பத்தி இல்லை. எதிர்ப்பக்கத்தில் விளம்பரம். ஆசிரியர் அறைக்குப் போனேன். "ஒரு பத்திதானேப்பா, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே? அவங்க பொருளப் போட்டுட்டு எதிர்லயே வேண்டாம்னு எழுதுவியா? அடுத்த மாசம் விரிவா எழுதிக்கோ" என்றார். அங்கேயே தாளைக் கிழித்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒப்புதலுக்கு ஓரத்தில் என் பெயரின் இரண்டு எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த பக்கம், முதல் மாதமே பறிபோய்விடும் என்று பயந்தேன். எனக்குப் பின்னால் பாதி வயதில் பத்துப் பேர் நிற்கிறார்கள். உனக்கு அரசாங்க வேலை, யாரை வேண்டுமானாலும் எதிர்த்துக் கத்தலாம், உன்னை யாரும் அசைக்க முடியாது. நான் அப்படியா?

சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். தப்புச் செய்தவன் வாயாலேயே சொல்ல வைக்கும் வரை விடமாட்டாய்.

தம்பி

—

ஜூலை 4

தம்பி,

அரசாங்க வேலை என்கிறாய். பாய்லர் அறையில் என்னைப் பூட்டி வைத்த முதலாளியும் இருந்தான். உன்னிடம் சொன்னதில்லை, நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான்கு மணி நேரம் உள்ளே இருந்தேன். கையெழுத்துப் போடவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பயம் எனக்கும் வரும் என்று உனக்குத் தெரியட்டும்.

அந்த மனிதரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன், தினமும் அவர் எங்கே தப்பாகத் திருப்பினோம் என்று என்னிடம் கேட்கிறார். படுக்கையில் கிடந்தபடியே கையால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டுகிறார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னையும் பொய்க்காரியாக்கிவிட்டாய்.

சொல்ல வேண்டியவன் நீ. சொல்லும் வரை எனக்கு எழுதாதே.

அக்கா

—

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இதழில் திருத்தம் போடச் சொன்னேன். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். ஆசிரியர் முடியாது என்றார். போட்டால்தான் அடுத்த பதில்கள் எழுதுவேன் என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "சரி, விடு" என்றார். நாலுசக்கரம் என்ற பெயர் இதழுக்குச் சொந்தம். இந்த மாதப் பதில்களை வேறொருவர் எழுதிவிட்டார், வாசகர் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. நான் வெளியே வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். மருந்துக்கடையில் விசாரித்து, கடைக்குப் பின்னாலேயே இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். "நான் கொதிகலன் மேடத்தோட தம்பி" என்றதும் எழுந்து உட்காரப் பார்த்தார், அக்கா. அவ்வளவு மரியாதை. மனைவியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். வெட்டின பத்தியைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து வாசித்தேன். தாள் வந்ததையும், நான் ஓரத்தில் எழுத்துப் போட்டதையும் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

கேட்டு முடித்ததும் அவர், "அப்ப நான் தப்பா ஓட்டலயா?" என்றார்.

"இல்லைங்க. அந்த டயர்ல, அந்த ஈரத்துல, நான் ஓட்டியிருந்தாலும் அங்கதான் போய் மோதியிருப்பேன்."

உள்ளே பார்த்துக் கத்தினார், "இங்க வா! இவர் சொல்றதக் கேளு!" மனைவி வந்ததும் என்னைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத வரவில்லை. "ரெண்டு மாசமா இந்த மனுஷனத் திட்டித் தீத்துட்டேனே, பாவி" என்றார். பாவி என்றது தன்னையா, என்னையா என்று தெரியவில்லை.

அவர் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார். "எழுதிக் குடுங்க. உங்க சொந்தப் பேர்ல எழுதுங்க, அந்தப் பேர்ல வேண்டாம்." எழுதினேன். வாங்கி இரண்டு தடவை படித்தார். தலையணைக்கு அடியில் இருந்த இதழை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க சார். இதுக்கு மேல உங்களப் பாத்தா எனக்கு வாய்ல என்ன வரும்னு தெரியாது."

டீயைக் குடிக்கவில்லை. கிளம்பிவிட்டேன். ஆறு மணி பஸ் பிடித்துத் திரும்பினேன்.

இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். நீ என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன். எழுதாவிட்டாலும் சரி.

தம்பி

—

ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

அவர் எல்லாம் சொன்னார். தாளையும் காட்டினார். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அடுத்த மாதம் ஊன்றுகோலோடு நடக்கலாமாம். வண்டி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. உன் அக்காவாகப் பிறந்ததற்கு நானும் கொஞ்சம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். மூன்றாம் வளைவைக் கடக்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருகிறது, வந்துகொண்டுதான் இருக்கும். அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து உன் வாயால் சொன்னாயே, அதையும் நான் பார்க்காமல் இல்லை.

ஆனால் இப்போது என் இரத்தம் கொதிப்பது வேறு விஷயத்துக்காக. அவர் வீட்டிலிருந்து என் வீடு நாலு தெரு. நாலே தெரு! வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் லீவில் வீட்டில்தான் இருந்தேன். சாதம் வடித்து, ஒருத்திக்கு இவ்வளவு எதற்கு என்று பாதியை மூடி வைத்தேன். நீ ஊருக்கு வந்து, வேலையும் போய், அங்கே டீயும் குடிக்காமல், பட்டினியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறாய். என்ன திமிர் உனக்கு? நான் கதவைத் திறக்கமாட்டேன் என்று யார் சொன்னது? எழுதாதே என்றுதானே சொன்னேன், வராதே என்று எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? கடிதத்தை எடுத்துப் பார்.

மன்னிக்காமல் இருப்பது ஒரு விஷயம். கூடப் பிறந்தவள் வீட்டு வழியாக வந்து, சாப்பிடாமல் போவது வேறு விஷயம். முன்னதை நான் பார்த்துக்கொள்கிறேன். பின்னதற்கு உனக்கு மன்னிப்பே கிடையாது.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வந்து சேர். உன்னைத் திட்ட இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. அத்தனையும் எழுத எனக்குக் கை வலிக்கிறது.

உன் அக்கா